கழுத்தும் கண்ணும்



தாமிரபரணி பாயும் நாட்டிலே, கன்னடியன் கால்வாய் நீர் பாயும் சிற்றூர் ஒன்றில் நான் பள்ளியிற் படித்தேன். இற்றைக்கு ஏறத்தாழ அறுபது ஆண்டுகட்கு முந்தைய செய்தி அது. எங்கட்குக் கணக்குப் பாடம் நடத்திய ஆசிரியரை நாங்கள் 'சார்வாள்' என்று அழைப்போம். நெல்லைச் சீமையில் ஆசிரியர்க்கு அதுவே வழக்கமான பெயர். ஆனால், அவர் செவியில் விழாத தொலைவில் அவருக்கு வேறொரு பெயர் வழங்கிற்று. 'முழியன் சார்வாள்' என்போம். அவர் கண்கள் இரண்டும் முன்னே பிதுங்கி நிற்கும். கருவிழியின் மேற்புறத்தும் வெள்ளை தெரியும். இமைப்பது மிக அரிது. அவர் நம்மை நோக்கினால், சினத்தின் உச்சியில் நின்று நோக்குவது போல இருக்கும். உண்மையில் அவர் சினங்கொண்டிருந்தாரா இல்லையா என்று அறிய எங்கட்கு வழியில்லை. ஆகவே எப்போதும் அஞ்சினோம்.

மார்கழி மாதத்துக் காலைப் பொழுதிலும் அவருக்கு வியர்க்கும். பனையோலை விசிறியைக் கீழே வைக்கமாட்டார். மூன்று வேளையும் வயிறார உண்பார் என்று அவர் வீட்டாரே கூறினர். ஆயினும் சட்டை தோளில் தொங்கும்படி மெலிந்துகொண்டே வந்தார். கரும்பலகையில் எழுதுகையில் சுண்ணக்கட்டி நடுங்கும். கோடு நேராக விழாது. பேய்க் கோளாறு என்றனர் ஊரார் சிலர். யாரோ கண்ணேறு கழித்தனர். பேச்சியம்மன் கோயிலில் திருநீறு போட்டார்கள். ஆசிரியர் வேலைக்கு அறிவு மிகுதியாகிப் பித்தம் தலைக்கேறிவிட்டது என்று கூறினார் ஒரு பெரியவர்.

விடைத்தாள் திருத்துவதற்குச் சிவப்பு மை கலக்கித் தரும் பொறுப்பு என்னுடையது. மை வில்லையை வெந்நீரில் இட்டுக் கலக்கிப் புட்டியில் ஊற்றி மேசைமேல் வைப்பேன். ஒருநாள் அவர் பேனாவைத் தொட்டு எழுதிப் பார்த்து, "இது என்ன மை? தண்ணீரை ஊற்றிக் கெடுத்துவிட்டாயே! வெளிறிக் கிடக்கிறதே!" என்று சீறினார். நான் தண்ணீர் கூடுதலாக ஊற்றவில்லை என்றேன். அவர் நம்பவில்லை. அன்று பிற்பகல் முழுவதும் பெஞ்சின்மேல் நின்றேன். மை செக்கச்செவேலென்று இருந்தது எனக்கும் வகுப்பிலிருந்த நாற்பது பிள்ளைகட்கும் தெரியும். அவருக்கு மட்டும் தெரியவில்லை.

பின்னர் அவர் வெளியூர் மருத்துவமனை ஒன்றுக்குச் சென்று சில மாதங்கள் கழித்துத் திரும்பி வந்தார். கழுத்தின் அடியில் நகை அணிந்தாற்போல ஒரு தழும்பு. கை நடுக்கம் நின்றிருந்தது, உடம்பு தேறியிருந்தது, விசிறி காணாமற் போயிற்று. ஆனால் கண்கள் மட்டும் உள்ளே போகவில்லை. இடக்கண்ணின் பார்வையும் மங்கிவிட்டது என்றனர். நோய் கண்ணில் இருக்கக் கத்தி கழுத்தில் பட்டது ஏன்? கழுத்து ஆறியபின்னும் கண் ஆறாதது ஏன்? சிவப்பு மை வெளிறித் தோன்றியது ஏன்? இந்த மூன்று வினாக்களும் என்னோடு நெடுநாள் இருந்தன. அவற்றுக்கு விடை கண்ட வரலாற்றையே இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறேன்.

குரல்வளைக்குச் சற்றுக் கீழே, மூச்சுக்குழலைத் தழுவியபடி, சிறகு விரித்த வண்ணத்துப்பூச்சி போல ஒரு சுரப்பி உள்ளது. அதுவே தைராய்டுச் சுரப்பி. உடம்பாகிய அடுப்பு எவ்வளவு விரைவாக எரியவேண்டும் என்பதை அதன் சுரப்பு நீர் வகுக்கிறது. சுரப்பு குறைந்தால் உடல் சோம்பிக் குளிரும். மிகுந்தால் நெஞ்சு படபடக்கும், வியர்க்கும், உண்டது உடம்பில் ஒட்டாது. என் ஆசிரியர்க்கு மிகுந்திருந்தது.

கழுத்து வீக்கமும் கண் பிதுக்கமும் சேர்ந்து வருவதைப் பண்டையோர் அறியாமலில்லை. 12ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த பாரசீக மருத்துவர் அல் ஜுர்ஜானி இவ்விரண்டையும் இணைத்து எழுதியுள்ளார். இங்கிலாந்தில் பாத் நகரத்து மருத்துவர் காலெப் பாரி 1786இலேயே இத்தகைய நோயாளியைக் கண்டார். அவர் குறிப்புகளோ அவர் மறைந்தபின் 1825இல்தான் அச்சேறின. எனவே பெயர் அவருக்குக் கிட்டவில்லை. டப்ளின் நகரத்து இராபர்ட் கிரேவ்ஸ் 1835இல் தம் நோயாளிப் பெண்கள் சிலரைப் பற்றி எழுதினார். ஒருத்திக்குக் கண்கள் பெருத்து, உறங்கும்போதும் இமைகள் மூடவில்லை என்பதை அவர் குறித்துள்ளார். ஐந்தாண்டு கழித்து, 1840இல், ஜெர்மானிய நாட்டு மெர்ஸபர்க் என்னும் ஊரில் கார்ல் ஃபான் பாஸிடோ என்பார் கழுத்து வீக்கம், நெஞ்சுத் துடிப்பு, கண் பிதுக்கம் ஆகிய மூன்றையும் ஒரே நோயின் குறிகளாகக் கோத்துக் காட்டினார். ஆங்கிலம் பேசும் நாடுகளில் இது கிரேவ்ஸ் நோய். ஐரோப்பாவின் பிற பகுதிகளில் பாஸிடோ நோய். மாணவர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்கவேண்டும். பெர்லின் நகரத்துக் கண் மருத்துவர் கிரேஃபே என்பவர் வேறொருவர். நோயாளி கீழ்நோக்கிப் பார்க்கும்போது மேலிமை கூடவே இறங்காமல் பின்தங்கி நிற்பதை 1864இல் எடுத்துக் கூறியவர் அவர். கிரேவ்ஸையும் கிரேஃபேயையும் குழப்பித் தேர்வில் மதிப்பெண் இழந்தோர் பலர்.

பெயரிட்டார்களே தவிர, காரணத்தை அவர்கள் அறியவில்லை. நெஞ்சு படபடப்பதைக் கண்ட கிரேவ்ஸ், இதய நோய் என்றே கருதினார். பிறகு வந்தோர் நரம்பின்மேல் பழி போட்டனர். மனத்துயரே காரணம் என்றாரும் உளர். எங்கள் ஊரில் பேய் என்றதற்கும் இதற்கும் வேற்றுமை பெரிதன்று என்று எனக்குச் சில நேரம் தோன்றும். இலுட்விக் ரேன் என்னும் அறுவை மருத்துவர் சுரப்பியின் ஒரு பகுதியை அகற்றியவுடன் நோய் தணிந்ததைக் கண்டு 1884இல் வெளியிட்டார். 1886இல் மோபியுஸ், சுரப்பு மிகுதியே நோய் என்று துணிந்து கூறினார். கழுத்துச் சுரப்பி பற்றிய ஆராய்ச்சிக்கும் அறுவைக்கும் சுவிட்சர்லாந்தின் தியோடர் கோகர் 1909இல் நோபெல் பரிசு பெற்றார். 1914ஆம் ஆண்டுக் கிறிஸ்துமஸ் நாளன்று அமெரிக்க நாட்டில் கெண்டல் அச்சுரப்பு நீரைப் படிகமாகப் பிரித்தெடுத்தார். முதல் வினாவுக்கு விடை இவ்வாறு கிடைத்தது. என் ஆசிரியரின் கழுத்தில் கத்தி பட்டது சரியே.

இங்கே ஒரு கிளைக்கதை. கழுத்து வீக்கம் என்றதும் நம்மவர் 'உப்பிலே அயோடின் இல்லாக் குறை' என்று உடனே கூறுவர். அது வேறு நோய். அயோடின் கிடைக்காத நிலத்தில் சுரப்பி தன் வேலையைச் செய்ய முடியாமல் தானே பெருக்கும். அப்போது சுரப்பு குறையுமே ஒழிய மிகாது, கண் பிதுங்காது. இவ்வயோடின் நோயின் வரலாற்றில் நம் தமிழகத்துக் குன்னூருக்கு ஓர் இடம் உண்டு. இராபர்ட் மெக்காரிசன் என்னும் ஆங்கிலப் படை மருத்துவர் இந்தியாவின் வடமேற்கு எல்லையில் கில்கித் பகுதியில் பணிபுரிந்தபோது, ஒரே வாய்க்கால் நீரை ஒன்றன்கீழ் ஒன்றாகக் குடித்த ஊர்களில், கீழே செல்லச் செல்லக் கழுத்து வீக்கம் மிகுவதைக் கண்டார். நீரின் அழுக்கே காரணம் என்று எண்ணி, அந்நீரின் வண்டலைத் தாமே குடித்துப் பார்த்தார். மேலூர்க்காரன் அலசிய நீரைக் கீழூர்க்காரன் குடிப்பது தாமிரபரணிக்கும் புதிதன்று! அம்மனிதரே பின்னாளில் குன்னூரில் உணவு ஆராய்ச்சிக் கூடத்தை நிறுவினார். அதே குன்னூரில் பணியாற்றிய இராமலிங்கசுவாமி என்னும் ஆந்திர நாட்டு அறிஞர், 1956இல் இமயத்து அடிவாரக் காங்கிரா பள்ளத்தாக்கில் பெருஞ்சோதனை ஒன்றைத் தொடங்கினார். பள்ளத்தாக்கை மூன்றாகப் பிரித்து, இரண்டு பகுதிகட்கு அயோடின் கலந்த உப்பும் ஒன்றுக்கு வெறும் உப்பும் வழங்கினர். ஆறாண்டுகளில் அயோடின் உப்பு உண்ட ஊர்களிலே வீக்கம் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. வெறும் உப்பு உண்ட ஊர்களிலே குறையவில்லை. 1962இல் அரசின் கழுத்துக் கழலைத் தடுப்புத் திட்டம் பிறந்தது. இன்று நம் தூத்துக்குடி உப்பளங்களில் விளையும் உப்பு அயோடின் ஏற்றப்பெற்று ஊர் ஊராகச் செல்வதன் பின்னே இத்தனை வரலாறு உண்டு. ஆனால் என் ஆசிரியர் கடலுக்கு அண்மையில் மீனும் உப்பும் குறைவின்றி உண்டு வளர்ந்தவர். அவர் நோய்க்கு உப்பு காரணமன்று.

பின் எது காரணம்? விடை 1956இல், உலகின் தென்கோடியில் நியூசிலாந்து நாட்டு டனீடின் நகரத்தில் தோன்றியது. ஆடம்ஸ், பர்வெஸ் என்ற இருவர், கிரேவ்ஸ் நோயாளிகளின் குருதி நீரைக் கினிப்பன்றிகட்குச் செலுத்திப் பார்த்தனர். அவ்விலங்குகளின் தைராய்டு நெடுநேரம் தூண்டப்பட்டது. தைராய்டை ஏவுவதற்கு மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரிச் சுரப்பி அனுப்பும் கட்டளைப் பொருள் அவ்வளவு நேரம் வேலை செய்வதில்லை. இது வேறு பொருள். அது நோய்க் கிருமிகளை எதிர்க்க உடல் தானே உண்டாக்கும் எதிர்ப்பொருள் வகையைச் சார்ந்தது என்பது பின்னர்த் தெளிவாயிற்று. வீட்டைக் காக்க வைத்த காவலாள் வீட்டாரையே தடியால் தட்டுவது போன்ற நிலை. அக்காவலாளின் தடி தைராய்டு அணுவின் கதவைத் தட்டுகிறது. சுரப்பி அதைக் கட்டளையென்றே எண்ணி இடையறாது சுரக்கிறது.

அதே வகைக் கதவு கண்குழியின் உள்ளே இருக்கும் நார்த்திசு அணுக்களிலும் உண்டு. இதுவே இரண்டாம் வினாவின் விடை. அறுவையால் கழுத்துச் சுரப்பியைக் குறைக்கலாம். குருதியில் திரியும் எதிர்ப்பொருளை அறுவை ஒழிப்பதில்லை. அது கண்குழியின் கதவையும் தட்டிக்கொண்டே இருக்கிறது. கழுத்து ஆறிவிடும், கண் தன் வழியே செல்லும். சிலருக்குக் கழுத்து நோய் வெளிப்படும் முன்னரே கண் நோய் வந்துவிடுவதும் உண்டு.

கண்குழியைச் சற்று எண்ணிப் பாருங்கள். எலும்பாலான நான்கு சுவர்கள். பின்னே குறுகிச் செல்லும் கூம்பு. முன்புறம் மட்டுமே திறப்பு. அதன் கொள்ளளவு ஏறத்தாழ 30 மில்லிலிட்டர். கண்ணுருண்டை அதில் 7 மில்லிலிட்டர் அளவே கொள்ளும். மிச்சமுள்ள இடத்தில் கொழுப்பும், கண்ணை அசைக்கும் தசைகளும், நரம்பும், குருதிக் குழாய்களும் நெருங்கி அமைந்துள்ளன. தூண்டப்பட்ட நார்த்திசு அணுக்கள், நீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும் ஒருவகைச் சர்க்கரைச் சேர்மத்தைச் சுரக்கின்றன. தசைகள் பன்மடங்கு தடிக்கின்றன, கொழுப்பும் பெருகுகிறது. எலும்பு இடங்கொடாது. ஆகவே கண்ணுருண்டை திறந்த பக்கமாகிய முன்னே தள்ளப்படுகிறது. கீழ்த்தசையும் உட்புறத் தசையுமே பெரும்பாலும் முதலில் தடிப்பன. தடித்து விறைத்த தசை கண்ணைச் சுழலவிடாது. அதனால் ஒரு பொருள் இரண்டாகத் தெரியும்.

இனிக் குருதியோட்டம். நம் ஊர்ப் பிள்ளைகட்கு இதை விளக்க எனக்கு வயலைவிட நல்ல உவமை கிடைக்கவில்லை. வயலுக்கு வாய்மடை ஒன்று, வடிகால் ஒன்று. வாய்மடை வழியே வரும் நீர் வடிகால் வழியே வெளியேறினால் பயிர் செழிக்கும். கண்குழிக்குத் தமனி வாய்மடை, சிரை வடிகால். குருதியைப் பெரும்பாலும் வெளியே கொண்டுசெல்லும் மேற்சிரை, கண்குழியின் பின்முனையிலுள்ள எலும்புப் பிளவு வழியே மண்டையினுள் செல்கிறது. தடித்த தசைகள் எல்லாம் நெருக்கித் தள்ளும் இடமும் அப்பின்முனையே. தமனியில் குருதி நல்ல அழுத்தத்தோடு பாய்கிறது, எளிதில் அடைபடாது. சிரையிலோ அழுத்தம் குறைவு. சிறு நெருக்கமும் அதை ஒடுக்கிவிடும். போதாக்குறைக்கு, தைராய்டு மிகுதியால் இதயம் விரைந்து துடித்து உடலெங்கும் குருதியை மிகுதியாக இறைக்கிறது. வாய்மடையில் வெள்ளம், வடிகாலில் அடைப்பு! வயல் நீர்தேங்கி அழுகுவது போலவே கண்குழியும் ஊறித் ததும்புகிறது. வெண்விழி சிவக்கிறது, இமைகள் வீங்குகின்றன. இரவெல்லாம் படுத்திருப்பதால் வடிகால் இன்னும் மந்தமாகும். எனவே காலையில் எழுந்ததும் வீக்கம் மிகுதி. தலையணையை உயர்த்தி வைத்துப் படுக்கும்படி மருத்துவர் சொல்வது இதனாலேயே.

இந்தக் கசிவும் நெருக்கமும் மிகுந்தால், பின்முனையில் புகுந்து செல்லும் பார்வை நரம்பு நசுங்குகிறது. அதற்குக் குருதியூட்டும் நுண்குழாய்களும் ஒடுங்குகின்றன. பார்வை மங்குமுன் நிறம் மங்கும். அதிலும் சிவப்பு நிறமே முதலில் வெளிறித் தோன்றுவதுண்டு. மருத்துவர் ஒரு சிவப்புப் பொருளை ஒரு கண்ணால் மாற்றி மறு கண்ணால் காணச் செய்து, இரண்டிலும் ஒரே சிவப்பா என்று கேட்பர். மிக எளிய சோதனை, பைசாச் செலவில்லை.

நெடுநாள் கழித்து, பணி ஓய்வு பெற்ற கண் மருத்துவர் ஒருவருடன் பேசிக்கொண்டிருந்தபோது இச்செய்தியை முதன்முதலாகக் கேட்டேன். கேட்டவுடன் எனக்குப் பெஞ்சு நினைவுக்கு வந்தது. வகுப்பில் நாற்பது பேர் முன்னிலையில் ஒரு மனிதரின் பார்வை நரம்பு நசுங்கிக்கொண்டிருந்ததற்கான குறி, புட்டி மையாக மேசைமேல் இருந்திருக்கிறது. அவரும் அறியவில்லை, நானும் அறியவில்லை.

ஓடும் குருதியை வெளியிலிருந்தே காணும் வழி இன்று உண்டு. செங்கோட்டை இரயில் ஊதிக்கொண்டே நம்மை நோக்கி வரும்போது ஊதலின் சுருதி உயர்ந்தும், கடந்து செல்லும்போது தாழ்ந்தும் கேட்கும். இதன் இலக்கணத்தை வகுத்தவர் கிறிஸ்டியன் டாப்ளர், ஆண்டு 1842. செவிக்கெட்டாத ஒலியை மூடிய இமைமேல் செலுத்தி, ஓடும் குருதியில் பட்டுத் திரும்பும் ஒலியின் மாற்றத்தைக் கணக்கிட்டு, குருதி எத்திசையில் எவ்வளவு விரைவாக ஓடுகிறது என்பதை நிறங்களாகவே திரையில் காட்டுகிறது டாப்ளர் கருவி. நோய் முற்றிய கண்களில் மேற்சிரையின் ஓட்டம் தளர்ந்திருப்பதையும், சிலரிடம் திசைமாறிப் பின்னோக்கி ஓடுவதையும் இக்கருவியால் கண்டுள்ளனர். கண்குழியின் எலும்புச் சுவரைத் திறந்து இடங்கொடுக்கும் அறுவை செய்தபின் ஓட்டம் மீள்வதையும் கண்டுள்ளனர். வடிகாலைத் தூர் வாரியபின் நீர் இறங்குவது போல.

அவ்வறுவையின் வரலாறும் நீண்டது. 1911இல் டாலிங்கர் வெளிப்புறச் சுவரைத் திறந்தார். 1931இல் நாஃப்ஸிகர் மண்டையின் வழியே மேற்சுவரை அகற்றினார். 1957இல் வால்ஷ், ஒகுரா இருவரும் கன்ன எலும்பறையின் வழியே கீழ்ச்சுவரைத் திறந்தனர். நோய் கொதிக்கும் பருவத்தில் ஸ்டீராய்டு மருந்து அழற்சியைத் தணிக்கிறது. கண்குழி அணுக்களின் மற்றொரு கதவைப் பூட்டும் டெப்ரோட்டுமுமாப் என்னும் மருந்துக்கு 2020இல் அமெரிக்க அரசு ஒப்புதல் அளித்தது. அதன் விலையைக் கேட்டால் நம் கண்களும் சற்றே பிதுங்கும். கதிரியக்க அயோடின் கழுத்து நோய்க்கு 1941 முதல் நல்ல மருந்து. ஆனால் சிலருக்குக் கண் நோயை அது மிகைப்படுத்தும் என்பதால் மருத்துவர் ஆய்ந்தே தருவர்.

பீடி சுற்றும் தொழில் நிறைந்த மாவட்டத்தில் பேசுகிறேன் என்பதை மறக்கவில்லை, ஆயினும் சொல்லியாகவேண்டும். புகைப்போர்க்கு இக்கண் நோய் வரும் வாய்ப்பு மற்றவரைவிடப் பன்மடங்கு மிகுதி. வந்தால் கடுமையும் மிகுதி. மருந்து கேட்பதும் குறைவு. என் ஆசிரியர் இடைவேளையில் ஆலமரத்தடியில் நின்று இரண்டு பீடி குடிப்பார். அன்று அதைத் தவறென்று சொல்வாரில்லை.

உடலின் காவலாளே உடலைத் தாக்கும் நோய்கள் பல. அவற்றுள் ஒன்றால் தாக்குண்ட நம் நாட்டு மனிதர் ஒருவரைச் சொல்லாமல் விட மனமில்லை. எட்டயபுரத்தை அடுத்த அயன்வடமலாபுரத்தில், அந்நாளைய திருநெல்வேலி மாவட்டத்தில், 1918இல் பிறந்தவர் டாக்டர் கோ. வேங்கடசாமி. ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பயின்று படையில் சேர்ந்தவர். மூட்டுக்களை முறுக்கும் முடக்குவாதம் அவரைத் தாக்கிற்று, விரல்கள் கோணின, 1948இல் படையிலிருந்து விலகினார். மகப்பேறு மருத்துவராக எண்ணியிருந்தவர் கண் மருத்துவரானார். அக்கோணிய விரல்களாலேயே இலட்சத்துக்கு மேற்பட்ட கண் அறுவைகள் செய்தார். 1976இல் மதுரையில் பதினொரு படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். 1988இல் அதன் கிளை திருநெல்வேலியில் அமைந்தது. 2006இல் அவர் மறைந்தார். திருநெல்வேலி மருத்துவக் கல்லூரியோ 1965 முதல் இருந்து வருகிறது. என் ஆசிரியர் கண்கள் பிதுங்கத் தொடங்கிய நாளில் கல்லூரி பிறந்து நடைபயிலும் பருவத்தில் இருந்தது. கண் மருத்துவமனை பிறக்க இருபது ஆண்டுகட்குமேல் இருந்தன.

மை பற்றிய உண்மையை அறிந்தபின், விடுமுறையில் ஊருக்குச் சென்று அவரைக் கண்டேன். எண்பதைக் கடந்தவர், கறுப்புக் கண்ணாடியுடன் திண்ணையில் அமர்ந்திருந்தார். எல்லாவற்றையும் விளக்கிச் சொன்னேன். வலக்கண்ணால் என்னை நெடுநேரம் பார்த்தார்.

"அப்பமே சொல்லியிருக்கலாம்லா?" என்றார்.

"சொன்னேன் சார்வாள்."

"பெறவு?"

"பெஞ்சுமேல நிக்கச் சொன்னீங்க."

அவர் சிரித்தார். பிறகு உள்ளே திரும்பி, எனக்குக் காப்பி கொண்டுவரும்படி மருமகளிடம் சொன்னார்.